எலிகளின் தாகம்

விலங்குக்கூடத்தின் ஜன்னலோரம் நின்று, எலிகளின் சிறுநீர் சேர்ந்த கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் அந்த அண்ணன். கூண்டுகளைக் கழுவி, தீனி போட்டு, எலிகளைப் பராமரிப்பது அவர் வேலை. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அவர் குடும்பம் இருந்தது. வாரக் கடைசியில்தான் பஸ் ஏறுவார். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. கிருமிகளைக் கொல்லும் ஓர் ஊசிமருந்து சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதே என் ஆய்வு. தினமும் ஊசி போட்டுவந்தால் சில நாட்களில் எலிகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கும்; சிறுநீர் வெளுத்துப்போகும். இரத்தப் பரிசோதனை காட்டுவதற்கு முன்பே அண்ணன் அதைக் கண்டு சொல்லிவிடுவார். நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

அவர் மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கொழுந்து பறிக்கும்போது காலில் கட்டை குத்திப் புண் பழுத்துவிட்டது. பக்கத்து டவுனில் ஒரு மருந்தகத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாக ஊசி போட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்த அண்ணன் என் மேசையருகில் தயங்கி நின்றார்.

"மிஸ், அவ சும்மா சும்மா தண்ணி கேக்குறா. ஒன்னுக்குப் போறதும் வெள்ளையாத்தான் போகுது. நம்ம எலிங்க மாதிரியே இருக்குங்க."

என்ன ஊசி என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சீனி கூடினாலும் தாகம் எடுக்கும், எலிக்குக் கொடுக்கும் அளவு வேறு, மனிதருக்குக் கொடுக்கும் அளவு வேறு, பயப்பட வேண்டாம் என்றேன். சொன்னதில் பொய் எதுவுமில்லை. ஆனால் அன்று அறுத்துப் பார்க்க வேண்டிய எலிகள் எனக்காகக் காத்திருந்தன. அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்தேன். தலையாட்டிவிட்டுக் கூண்டு கழுவப் போனார்.

அடுத்த வாரம் அவர் மனைவிக்கு முகமும் காலும் வீங்கி, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான் அண்ணன் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். என் குப்பிகளில் இருந்த அதே பெயர். சீனியா, புண்ணின் நஞ்சா, ஊசியா, எது சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று டாக்டர்மாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெஷினில் இரத்தம் சுத்தம் செய்தும் மூன்று வாரத்தில் அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்.

கருமாதி முடிந்து அண்ணன் வேலைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போன நான், அன்றைக்கே விசாரித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எலிகளின் போத்தல்களில் தண்ணீர் நிரப்பியபடியே அவர் சொன்னார்:

"மிஸ் படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவகிட்டயும் சொன்னேங்க. அதுக்கப்புறம் அவ பயப்படாமத்தான் இருந்தா."

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் கற்பிக்கிறேன். எலிகளின் தாகத்தைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது; மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரை நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.