நாற்பது இடது கைகள்

என் அக்கா மாதத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் தன் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். கூச்சநாச்சமே கிடையாது. வலது காதுக்கு மேலே முடியை விலக்கி, "விரலை வைங்க, கடிக்காது" என்பாள். நாளைக்கு மூளையில் ஆபரேஷன் என்று வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் மிரளுவார்கள், அப்புறம் தொடுவார்கள். "நான் பழையபடி ஆயிடுவேனா?" என்று யாராவது கேட்டால் கைப்பையிலிருந்து ஒரு கோட்டுக் கையை எடுத்துக் காட்டுவாள். கோட்டு இல்லை, வெறும் இடது கை மட்டும். அது என்ன கதை என்று நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் தப்பும் இருக்கிறது. கூடப் பிறந்தவள் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்பீர்கள். அடித்துக்கொள்ளத்தான் போகிறேன்.

அக்கா சீருடை தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். பதினாறு தையல் மெஷின், மூன்று இஸ்திரி மேஜை, நடுவில் நாலு கட்டில் நீளத்துக்கு வெட்டு மேஜை. இஸ்திரி மேஜை ஒன்று என்னுடையது. எங்கள் தொழிலில் தையல் தப்பினால் பிரிக்கலாம், வெட்டு தப்பினால் உட்கார்ந்து அழலாம். நாற்பது அடுக்கு துணியை விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டு மெஷினை ஓட்டினால் நாற்பதும் ஒன்றாக வெட்டுப்படும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு முழம் துணியைக்கூட வீணாக்கியதில்லை. அதனால் கடையில் ஒரு சட்டம்: மாஸ்டர் மேஜையில் நிற்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை முதலாளியம்மா ஏதோ கேட்கப்போய், "நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டுமா?" என்று அக்கா கத்திரிக்கோலை நீட்டினாள். அந்த அம்மா அதோடு சரி.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏய், கோடு ரெண்டா தெரியுதுடி" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் வலது கண்ணிமை பாதி தொங்கிப்போயிருந்தது. கண் டாக்டரிடம் போனோம், அவர் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். ஸ்கேன் எடுத்த டாக்டர் சொன்னார்: "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு இடம் பலவீனமாகி பலூன் மாதிரி உப்பியிருக்கு. வெடிச்சா உயிருக்கே ஆபத்து. அதுக்கு முன்னாடி மண்டையைத் திறந்து அந்த பலூனோட கழுத்துல ஒரு கிளிப் போட்டுடணும். மூணு நாள்ல செஞ்சிடலாம்."

அக்கா கேட்டாள்: "மார்க் போட்டுட்டுத்தானே வெட்டுவீங்க?"

"ஆமாம்மா. பேனாவால போடுவோம்."

"அழியாதா?"

நான் அவள் தொடையில் கிள்ளினேன். டாக்டர் சிரிக்காமல், "அழியாத பேனாதாம்மா" என்றார். தொழில்காரர் தொழில்காரரை மதித்தார்.

ஆனால் வார்டுக்கு வந்ததும் வீராப்பெல்லாம் இறங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசிரு போனாக்கூடப் பரவாயில்லை. வெட்டு மேஜைக்குத் திரும்பிப் போக முடியாதுன்னா என்னைக் காப்பாத்தாதீங்க" என்றாள். நல்லா நாலு திட்டு திட்டினேன். திட்டிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் சொல்லி அனுப்பிய ஒரு ஆள் வார்டுக்குள் வந்தார். எங்கள் வயசுதான் இருக்கும். பஸ் டிரைவராக இருந்தவர். ஊருக்கே கேட்கும் குரல், அதனால் அவரை எல்லோரும் 'ஹாரன்' என்றே கூப்பிடுவார்களாம். இரண்டு வருஷம் முன்னால் அவருக்கும் இதே ஆபரேஷன், இதே பக்கம். வந்தவர் அக்காவின் தொழிலை என்னிடம் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, "தொட்டுப் பாருங்க மாஸ்டர்" என்றார்.

அக்கா துணி மடிப்பைத் தடவுவது போலத் தழும்பின் மேல் விரலை ஓட்டினாள். "தையல் நேராத்தான் வந்திருக்கு. முடிச்சு போட்ட இடத்துல மட்டும் கொஞ்சம் சுருங்கிப்போச்சு" என்றாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றார் ஹாரன். அந்த வார்டில் அன்று முதல் முறையாக அக்கா சிரித்தாள். தழும்பு போட்ட ஒரு தலை எழுந்து நடந்து வந்து கேலி பேசுகிறது, அது போதும் அவளுக்கு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணிமை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, கோடு ஒன்றானது. ஆறு வாரத்தில் முடி முளைத்து தழும்பை மூடிவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன், அதுதான் என் மடத்தனம். பத்து நிமிஷம் காய் நறுக்கினால் மூட்டை தூக்கியவள் போல இரண்டு மணி நேரம் தூங்குவாள். குழாயில் தண்ணீரும் ரேடியோவும் ஒன்றாகச் சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். ஹாரன் மூன்று தடவை போன் பண்ணி, இதே ஆபரேஷன் ஆனவர்கள் கூடுகிற சனிக்கிழமை கூட்டத்துக்கு அக்காவை அனுப்பச் சொன்னார். "நோயாளிங்க கூட உக்காந்து நோயைப் பத்திப் பேசினா நோய் குறையுமா?" என்று நான்தான் போனை வைத்தேன். எட்டாவது வாரம் அக்காவிடம், "பார்த்தா உனக்கு ஒண்ணுமே தெரியல. வீட்டுல உக்காந்தா துரு பிடிச்சுடும். கடைக்கு வா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அன்று வெட்ட வேண்டியது இருபது கோட்டுக்கான கை. அந்தத் துணிக்கு நல்ல பக்கம் பளபளப்பு, கெட்ட பக்கம் மங்கல். விரிக்கும்போது ஒரு அடுக்கை நல்ல பக்கம் மேலே, அடுத்ததை நல்ல பக்கம் கீழே என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்போதுதான் ஒரே அட்டையில் இடது கையும் வலது கையும் ஜோடியாக விழும். மறுமுனையைப் பிடித்திருந்தது நான். மூன்றாவது அடுக்கிலேயே எனக்கு உறைத்தது: எல்லாம் நல்ல பக்கம் மேலேயே போகிறதே? ஆனால் மாஸ்டர் மேஜையில் நிற்கிறாள். இருபத்திரண்டு வருஷச் சட்டம். வாயை மூடிக்கொண்டு நாற்பது அடுக்கையும் பிடித்துக் கொடுத்தேன்.

தைக்கிறவள் ஒருத்தி இரண்டாவது கையை வைத்துப் பார்த்து, "மாஸ்டர், இது பின்னாடி வளையுதே" என்றாள். நாற்பதும் இடது கை. கடை முழுக்க மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டி மேஜையில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள். முதலாளியம்மா கத்தவில்லை. "கொஞ்ச நாள் தைச்ச துணியில தொங்குற நூலை வெட்டட்டும்" என்று மட்டும் சொல்லி, வேறொரு கட்டிங் ஆளை வரவழைத்தார். அந்த அம்மா கத்தியிருந்தாலே தேவலை.

அக்கா நூல் வெட்டவும் போகவில்லை. ஒன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்தாம் நாள் என் ரோஷத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஹாரனுக்கு நானே போன் பண்ணினேன்.

அந்தச் சனிக்கிழமை, நூலகத்து மாடி அறை. வட்டமாக நாற்காலிகள், ஓரத்தில் டீ கெட்டில். எல்லோரும் மண்டைக்குள் இப்படி ஒரு பலூன் இருந்தவர்கள். போன ஐந்தாவது நிமிஷம் நான், "என்னங்க, யாரைப் பார்த்தாலும் ஒண்ணுமே தெரியலையே!" என்று சொல்லித் தொலைத்தேன். அறையே கைதட்டியது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம்: அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்தான் அன்றைக்கு எல்லா டீ கப்பையும் கழுவ வேண்டும். பதினோரு கப்.

நான் மூலையில் கழுவிக்கொண்டிருந்தபோது, தபால் கொண்டுபோகிற ஒரு பெண் பேசினாள். "குழாயும் டிவியும் ஒண்ணா ஓடினா எனக்கு அழுகையே வந்துடும். வீட்டுல நடிப்புங்கறாங்க."

அக்காவின் தலை சடக்கென்று நிமிர்ந்தது. "உங்களுக்குமா?" இத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு மடை திறந்தது. நாற்பது கையையும் சொன்னாள், ஒன்றைக்கூட விடாமல்.

ஹாரன் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு பஸ் ஓட்ட அனுமதி திரும்பக் கிடைக்கலை மாஸ்டர். இப்ப டிப்போவுல வண்டியைச் செக் பண்ணி வெளிய அனுப்புறேன். முன் டயர் சரி, பின் டயர் சரின்னு சத்தமா சொல்லிக்கிட்டே சுத்தி வருவேன். நான் சொன்னா மட்டும் பத்தாது, கண்டக்டர் திருப்பிச் சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லணும். என் மண்டை விட்டாலும் அவர் காது விடாது."

"எங்க மேஜையில நான் யாரையும் பேச விட்டதில்லை" என்றாள் அக்கா.

"அப்ப மறுமுனையைப் பிடிச்சது யாரு?"

சோப்பு நுரையோடு திரும்பி நின்று ஒப்புக்கொண்டேன். "மூணாவது அடுக்குலயே சந்தேகம் வந்துச்சுக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். "பாவி, சொல்லியிருக்கக் கூடாதா!" என்றாள்.

"நீ என்னைக்குச் சொல்ல விட்ட?"

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அக்கா, "பெட்ஷீட் எத்தனை இருக்கு வீட்டுல?" என்று கேட்டாள்.

நாலு மாதம் கோட்டுத் துணிக்குப் பதிலாக பெட்ஷீட்டை விரித்து அடுக்கிப் பழகினோம். அரை மணி நேரம் வேலை, பத்து நிமிஷம் கண்ணை மூடி ஓய்வு. நடுவில் ரேடியோ கிடையாது. சில நாள் அளவு நாடாவை வீசி எறிவாள், நானும் பதிலுக்குக் கத்துவேன். சனிக்கிழமை மட்டும் தவறாமல் போனோம். தபால்காரப் பெண் அக்காவிடம், "இன்னைக்கு எத்தனை நிமிஷம் தாங்குச்சு?" என்று கேட்பாள். அதைச் சொல்வதற்காகவே அக்கா கூட இரண்டு நிமிஷம் தாங்கினாள்.

அக்காவை மறுபடி வெட்டவிட முதலாளியம்மா கடைசியில் சம்மதித்தார். "ஒரே ஒரு தடவை. அதே கோட்டு, அதே நாற்பது அடுக்கு. இதுவும் தப்பினா மேஜை புது ஆளுக்குத்தான்." புது ஆள் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றார்.

அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தாள். "இனிமே இந்த மேஜையில நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லணும். சொல்லாம நின்னாதான் எனக்குக் கோவம் வரும்" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

"நல்லது மேலே."

"மேலே" என்றேன்.

"நல்லது கீழே."

"கீழே."

பத்து அடுக்குக்கு ஒரு தடவை கண்ணை மூடி உட்கார்ந்தாள். அதைப் பார்த்துப் புது ஆள் உதட்டைச் சுழித்தார். இருபத்தெட்டாவது அடுக்கு வந்தது. துணியை விரித்து, "நல்லது மேலே" என்றாள்.

முந்தினதும் மேலேதான். முதலாளியம்மா பார்க்கிறார், புது ஆள் பார்க்கிறார். இப்போது நான் வாயைத் திறந்தால் அக்கா தப்புப் பண்ணினாள் என்று ஊருக்கே தெரியும்.

"இல்லக்கா. கீழே."

அக்கா குனிந்து துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த அடுக்கைத் தூக்கிப் புரட்டிப் போட்டாள். "கீழே" என்றாள், முன்னைவிடச் சத்தமாக. "எல்லாரும் கேட்டீங்கல்ல? இப்படித்தான் சொல்லணும்." புது ஆள் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

நாற்பதையும் விரித்து, கோடு போட்டு, மெஷினை ஓட்டினாள். மேலே இருந்த இரண்டு கையையும் எடுத்தாள். மடித்து ஊசி குத்தி, "ரெண்டு கையையும் நீட்டுடி" என்றாள்.

நீட்டினேன். இடது கையில் இடது, வலது கையில் வலது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சுருக்கம் இல்லை. முதலாளியம்மா அன்று அக்கா சுருட்டி வைத்துவிட்டுப் போன அளவு நாடாவைக் கொண்டுவந்து அக்காவின் கழுத்தில் போட்டார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"துணியில படப்போகுது, தள்ளி நின்னு அழு" என்றாள் மாஸ்டர்.