பாலன் காலுக்குப் போட்ட கட்டு

மடுல்கெல்லப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டக் கோவிலில், கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் காலைப் பூசை முடிந்ததும் பாலன் என்று நாங்கள் சொல்லும் குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, ஒருவர் ஏந்தி நிற்பார். சனம் வரிசையாக வந்து அதன் காலை முத்தமிடும். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். போன வருடம் வழக்கமாக ஏந்துகிறவருக்குக் காய்ச்சல். ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குக் கை வியர்க்கும். முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கடவுளின் வார்த்தை மாமிசமானது என்று அன்றைக்குப் பிரசங்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேச்சுக்கு எப்படிச் சதை வரும்? அதையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

வரிசையில் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளைக்குப் பிறவியிலேயே வலது கால் வளைவு. கண்டி கிளினிக்கில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றுகிறார்கள். அந்தக் காலைப் பாலனின் காலில் வைப்பதாக அவளுக்கு நேர்ச்சை. அவள் பிள்ளையின் காலை நீட்டினாள், நான் குனிந்தேன், சுரூபம் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதுவும் வலது கால்.

பின்னால் நின்ற அவளுடைய மாமியார் கத்தினாள். “பாத்தியா? சாமியே காட்டிட்டாரு! இனி கண்டிக்கும் வேணாம், கட்டும் வேணாம். புள்ளைய அலக்கழிச்சது போதும்!”

என்னால் அந்தப் பிள்ளையின் வைத்தியம் நின்றுபோகுமா?

ஃபாதர் ஓடி வந்தார். “மனுசனா பொறந்தா கால் உடையாதாம்மா? ஒடம்பு எடுத்தாருன்னா இதுக்கும் சேத்துத்தான்.”

தாய் கீழே கிடந்த காலைப் பொறுக்கினாள். “அண்ணே, அந்தத் துணியக் குடுங்க.”

உடைந்த இடத்தில் காலை ஒட்ட வைத்து, துடைக்கும் துணியால் இறுக்கிச் சுற்றினாள். “நர்ஸம்மா இப்பிடித்தான் சுத்துவாங்க.” பிறகு பிள்ளையின் மாவுக்கட்டுக் காலை அதன்மேல் வைத்து எடுத்தாள்.

“செவ்வாக்கெழம கிளினிக். நான் போறேன், அத்த.”

மாமியார் என்னை முறைத்தாள். “இப்பவாச்சும் ஒழுங்கா புடிய்யா.” குனிந்து அந்தக் கட்டின்மேல் முத்தமிட்டாள்.

சுரூபத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாலனின் இடது கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கட்டுப் போட்ட காலையே முத்தமிட்டார்கள். துடைக்க என்னிடம் துணி இல்லை.