நல்ல காரியங்களின் பாரம்

சென்ற ஆண்டு ஒரு காலை, வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்தபோது, வந்துகொண்டிருந்த ரயிலின் ஓசை என் காதில் விழவேயில்லை. மீன் வாங்கித் திரும்பிய ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

கணவர் வற்புறுத்தியதால், 'வெல்னஸ் கோச்சிங்' என்று உடல், மன நல ஆலோசனை சொல்லும் இளம்பெண் ஒருத்தியிடம் சென்றேன். கடந்த வருடத்தில் மரணம், நோய், பிரிவு ஏதும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"நல்ல காரியங்கள், அன்ரி?"

மகளின் திருமணம், மகனின் கனடாப் பயணம், என் பணி ஓய்வு, கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுத் தொடர்மாடிக் குடியிருப்புக்கு வந்தது என்று பெருமையோடு அடுக்கினேன்.

"எல்லாம் ஒரே வருஷத்திலயோ? உடம்புக்கு நல்லது கெட்டது தெரியாது அன்ரி. எல்லாத்தையும் சேத்துத்தான் சுமக்கும்."

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவரின் தங்கை சிரித்தாள். "பிள்ளையள் நல்லா இருக்கினம் எண்டு ஆரும் வருத்தப்படுவினமே? இது நாவூறு மச்சாள். மிளகாய் சுத்திப் போடுங்கோ."

மரணவீடென்றால் அயலவர் சமைத்துக் கொண்டுவருவர். மகன் விமானமேறிய அன்று எனக்கு வந்தவை வாழ்த்துகள் மட்டுமே. வாழ்த்தியவர்களுக்குத் தேநீர் ஊற்றியதும் நான்தான்.

இப்போது எங்கள் தொடர்மாடியில் எவருடைய பிள்ளை வெளிநாடு போனாலும், அன்று மதியம் சோறும் கறியும் கொண்டுபோகிறேன். சென்ற மாதம் கீழ்த்தளத்துப் பெண் கதவைத் திறந்து, "என்னக்கா, இதென்ன செத்தவீடே?" என்று சிரித்தாள். பாத்திரத்தை வாங்கியவள், அதைக் கீழே வைக்கவும் மறந்து அழத் தொடங்கினாள்.