லூயிஸ் கழுத்துச் சாவி

மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பேட்டரியின் இரண்டு காதுகளில் வைத்த பிறகு, எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே லூயிஸ் ஒரு முறை திட்டிவிடுவார். "இன்னிக்கும் செத்துக் கெடந்தன்னா ஆத்துல தூக்கிப் போட்டுடுவேன், பாத்துக்க." அதற்குப் பின்தான் நெற்றியில் ஏற்றிவைத்திருக்கும் கண்ணாடி கீழே இறங்கும். எண் சரியாக இருந்தால் மாட்டைத் தட்டுவதுபோல் பேட்டரியைத் தட்டிக்கொடுப்பார். குறைந்திருந்தால், அடுத்து யாரைத் திட்டலாம் என்று சுற்றிலும் பார்ப்பார்.

அரியாங்குப்பம் ஆற்றோரத்துத் தகரக் கொட்டகையில் அவர் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு வாட்டர் ஸ்கூட்டர். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். மற்ற நாட்களில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும். முதலாளி ஜோசப் ஆனந்த் டவுனில் இருக்கிறார். லூயிஸ் அவரை, பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், 'முசே' என்பார். அவருடைய வண்டியை 'நம்ம வண்டி' என்பார்.

அந்த வண்டியைக் கிளப்புகிற சாவி, சிவப்புச் சுருள் கயிற்றின் நுனியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. வேலை முடிந்ததும் லூயிஸ் அதைக் கழுத்தில் மாட்டி, மாதா படம் தைத்த துணி உத்தரியத்தோடு சேர்த்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். கயிறும் உத்தரியமும் முறுக்கிக்கொண்டு எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் கிடக்கும். "ரெண்டையும் நம்பித்தான் குடுத்திருக்காங்க" என்பார்.

மழைக்காலம் முடிந்து வண்டி சர்வீஸுக்குப் போய் வந்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி. வாரத் தொடக்கத்தில் பேட்டரியை நிறைத்து வைத்தாலும், சனிக்கிழமை பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று பல்லிச் சத்தம்தான் வந்தது. லூயிஸ் விடவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்புப் பூத்த இடங்களைத் தேய்த்தார். ஒவ்வொரு ஒயர் முனையையும் துடைத்து வாஸ்லின் தடவினார். நெல்லித்தோப்பு பேட்டரிக் கடைக்காரரிடம் போய், "செத்த பேட்டரிக்கு சட்ட மாட்டி வித்துட்டியா?" என்று தெருவே கேட்கச் சண்டை போட்டுப் புதியது வாங்கி வந்தார். அதுவும் படுத்தது. அடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் விக்ரமின் மேல் பாய்ந்தார்.

"டேய், பாட்டு கேக்க இதுல இருந்து ஒயர் இழுத்தியா?"

"அண்ணே, எம் போன்ல ஸ்பீக்கரே அவுட்டு. நான் இன்னாத்த கேக்கப் போறேன்?"

அதற்கும் லூயிஸ் சமாதானமாகவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தார்.

கொட்டகையில் கரண்ட் இல்லை. பேட்டரி சைக்கிள் கேரியரில் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக் கூடத்தில் இருப்பது ஒரே பிளக். சார்ஜர் ஏறினால் டேபிள் ஃபேன் இறங்கும். மனைவி லினெட் முந்தானையால் விசிறிக்கொண்டே சொல்வார். "ஏங்க, மொதலாளி வூட்டுப் புள்ளைக்குப் பால் குடுத்தது போதும். இங்க ஒருத்தி வெந்துக்கினு இருக்கேன்."

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஜாக்கெட் மாட்டிய ஒரு குடும்பம் காத்து நிற்க, வண்டி மறுபடியும் பல்லிபோல் சத்தம் போட்டது. அந்த நேரம் பார்த்து ஜோசப் ஆனந்த் வந்தார். எல்லார் முன்னாலும் கேட்டார்.

"வியாழக்கிழம வண்டிய எங்க எடுத்துக்கினு போன, லூயிஸ்?"

"நானா? முசே, சாவி எங் கழுத்துல இருக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். சாவி உங்கிட்ட இருக்கு. வேற யாரு எடுத்திருப்பா? திருட்டுத்தனமா ஓட்டித் தீத்துட்டு, பேட்டரி சரியில்லன்னு எங்கிட்டயே கத விடறியா? அடுத்த ஞாயித்துக்கிழம சாவிய விக்ரம்கிட்ட குடுத்துட்டு நின்னுக்க."

அன்று லூயிஸ் சாப்பிடவில்லை. அடுத்தவன் பொருளைத் தொட்டவன் என்ற பேரோடு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பூசைக்குப் போவது? காவலுக்கு இருந்தவனையே கள்ளன் என்றால் அது என்ன நியாயம்? சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். லினெட்தான் கேட்டார்.

"அது இன்னாங்க வியாழக்கிழம? டவுன்ல குந்திக்கினு அவரு எப்பிடிக் கெழம சொல்றாரு?"

திங்கட்கிழமை லூயிஸ் பேட்டரியை மாட்டவில்லை. வண்டியில் இல்லாமலும் தீர்கிறதா பார்ப்போம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு, வெறும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"வண்டி எங்க?" என்றார் முதலாளி.

"எங் கைக்குக் கீழ இருக்குது, முசே. தொடச்சிக்கினு இருக்கேன்."

"பொய் சொல்லாத. காணோமே!"

லூயிஸ் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார். பார்க்காமலேயே காணோம் என்கிறவருக்கு, வண்டிக்குள்ளிருந்து யாரோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சீட்டைக் கழற்றினார். பேட்டரிக்கு வரும் ஒயர்களில் மெல்லியதாக ஒன்று. சர்வீஸில் புதிதாகப் போட்ட, தண்ணீர் இறைக்கும் பம்பு ஒயர் என்று அவர் நினைத்திருந்தது. அதன் கூடவே விரலை ஓட்டினார். அது பம்புக்குப் போகவில்லை. உள்சுவரின் பஞ்சுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றில் போய் முடிந்தது. வண்டி எங்கே போகிறது என்று முதலாளியின் போனுக்குச் சொல்லும் பெட்டி.

தன்னை உளவு பார்த்த ஒயரைத்தான் வாரா வாரம் துடைத்து வாஸ்லின் தடவி வந்திருக்கிறார்.

சனிக்கிழமை முதலாளி வந்ததும், லூயிஸ் பேட்டரியை மாட்டி, பச்சை விளக்கு மினுக்கும் பெட்டியைக் காட்டினார். 

"ராப்பகலா இதுதான் பேட்டரியக் குடிக்குது, முசே. வியாழக்கிழமக்குள்ள குடிச்சித் தீத்துட்டு இதுவும் செத்துப் போவுது, உங்க போன்ல வண்டி காணாமப் போவுது. இது செத்துப்போனா நான் திருடனா?"

ஜோசப் ஆனந்த் பெட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "எல்லா வண்டியிலயும் மாட்டறதுதான். ஒரு சேஃப்டிக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டு மாட்டறதா இது? சரி விடு. இப்ப தெரிஞ்சிபோச்சு இல்ல? சாவி உங்கிட்டயே இருக்கட்டும். பொட்டி பாட்டுக்கு இருக்கட்டும். நடுவுல புதங்கிழம ஒரு தடவ சார்ஜ் ஏத்திடு, முடிஞ்சிது."

எல்லார் முன்னாலும் சொன்ன பழிக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. லூயிஸை உளவு பார்க்கும் பெட்டிக்கு லூயிஸ் வீட்டுக் கரண்டிலேயே தீனி போட வேண்டுமாம்! அதற்கு லினெட் வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம்!

இப்போதும் லூயிஸ் அந்த வேலையில்தான் இருக்கிறார். பேட்டரியைத் திட்டுவதில்லை. விக்ரமுக்கு வாரம் ஒரு டீ வாங்கித் தருகிறார், ஏன் என்று சொல்வதில்லை. பேட்டரிக் கடைத் தெருப் பக்கம் மட்டும் போவதில்லை. புதன்கிழமை சார்ஜர் ஏறும்போது லினெட்டிடம், "காவக்காரனுக்குச் சோறு" என்கிறார். லினெட்டுக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன ஞாயிறு சாயங்காலம், கொட்டகையை மூடும்போது முதலாளியும் இருந்தார். லூயிஸ் சட்டையின் மேல் பட்டனைத் திறந்து, முறுக்கிக் கிடந்த கயிற்றிலிருந்து உத்தரியத்தைப் பொறுமையாகப் பிரித்தெடுத்தார். சிவப்புக் கயிற்றைத் தலை வழியே கழற்றித் தூணில் அடித்திருந்த ஆணியில் மாட்டினார்.

"கழுத்துல போட்டுக்கயேம்பா. எவனாவது எடுத்துடப் போறான்."

"அதான் பொட்டி பாக்குதே, முசே."

உத்தரியத்தை முத்தமிட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கழுத்து வரை பட்டனைப் போட்டார்.