ஒரேயொரு காளான்

ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கப் புல்லில் காளான் முளைக்கத் தொடங்கியபோது மகள் தத்தித் தத்தி நடக்கிற வயது. கையில் அகப்பட்டது எல்லாம் வாய்க்குள் போகும். எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தை விட்டு இந்தத் தென்கோடி நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் மழை விழுந்த மறுநாள் கதவைத் திறந்தால் புல் முழுக்க மண்ணிறத் தொப்பிகள்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் அதே இடத்தில் இன்னும் கூடுதலாக நின்றன. கொதிநீர் ஊற்றினேன், உப்புப் போட்டேன், வினாகிரியும் விட்டுப் பார்த்தேன். புல்தான் கருகிச் செத்தது. காளான்கள் சுகமாக இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் தூங்குபவர். கட்டிலில் கிடந்தபடியே கண்ணைத் திறக்காமல் சொல்வார்: "மழை விட்டா அதுவும் போயிடும். ஏனப்பா கிடந்து மாயுறீர்?"

"பிள்ளை வாயில வச்சா என்ன செய்யிறது? நஞ்செண்டா?"

"கதவைப் பூட்டி வையுமன்."

கதவைப் பூட்டி வைத்து வளர்க்கிற பிள்ளையா அவள்! விடிந்ததும் அவள் எழும்ப முதல் புல்லில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் என் காலை வேலையாகிப் போனது. பிள்ளையாரே, இந்தச் சனியனை ஒழித்துவிடு என்று வேண்டாத நாளில்லை.

அன்று குப்பை லொறி வரும் நாள். பையைக் கட்டி வாசலில் வைத்தேன், கொண்டுபோய்விட்டார்கள். பிறகு உடுப்புக் காயப்போட மகளையும் பின்பக்கம் கூட்டிப் போனேன். ஒரு படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் அவள் வாய் அசைகிறது. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். மண்ணிறக் கூழ். என் கண்ணில் படாமல் தப்பிய ஒன்று. குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் அலற அலற வாயைக் கழுவினேன். கூழெல்லாம் தண்ணீரோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேசிய பெண் பதறவில்லை. உடனே பிள்ளையைக் கொண்டுவா, அதே காளானில் ஒன்றையும் கொண்டுவா, எந்த வகை என்று தெரியவேண்டும் என்றாள்.

ஒன்று வேண்டுமாம். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

கணவர் எழும்பி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கார்ச் சாவியைத் தேடினார். நான் புல்லில் முழந்தாளிட்டுத் துழாவினேன். வேலி ஓரம், உடுப்புக்கொடிக் கம்பத்தின் கீழ், குழாயடி என்று எல்லா இடமும் பார்த்தேன். அப்படிச் சுத்தமாகப் பொறுக்கியிருந்தேன், பாவி. பிள்ளையாரே, ஒன்று தா, ஒரேயொன்று தா என்று வாய்விட்டு அழுதேன். ஒழித்துவிடு என்று கேட்ட அதே வாயால்தான்.

அவர் வந்து பார்த்தார். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே புல்லின் நடுப்பக்கம் போய்க் கொத்தினார்.

"அங்க ஏனப்பா கொத்துறீங்கள்?"

"இதுக்குள்ளதான் குழை தாட்டனான்."

வீட்டுச் சொந்தக்காரர் வேலி மரங்களை வெட்டச் சொன்னபோது, வெட்டிய இலையையும் கொப்பையும் எறிய மனமில்லாமல், நம்மூர்த் தோட்டத்தில் பசளைக்குக் குழை தாழ்ப்பது போலக் கிடங்கு வெட்டிப் புதைத்து, மேலே புல்லை மூடிவிட்டிருக்கிறார். மண் கொழுத்தால் பிறகு கத்தரி வைக்கலாமாம். எனக்குச் சொல்லவே இல்லை. கறுத்து உக்கிய கொப்புகள் வெளியே வந்தன. அவற்றின் மேல் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. ஒரு கொப்பில் மட்டும், பெருவிரல் நுனியளவில், இன்னும் மண்ணுக்கு மேலே வராத ஒரு மொட்டு இருந்தது.

கொப்போடு அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அவரைத் திட்டினேன். மகள் என் சட்டையில் வாந்தி எடுத்தாள்.

மொட்டை யாரிடமோ காட்டிவிட்டு டாக்டர் வெகுநேரம் கழித்து வந்தார். வயிற்றைப் புரட்டும், உயிரை எடுக்காது என்றார். ஆனாலும் அன்று அவளை வீட்டுக்கு விடவில்லை. மேலே தெரிவது காய் மாதிரி, உடம்பு கீழே ஓடுகிற அந்த நூல்தான். உக்கிய மரம் இருக்கும்வரை வந்துகொண்டேயிருக்கும் என்று விளக்கினார். மாமரத்தை ஒழிக்கிறேன் என்று இத்தனை நாளும் மாங்காய் பிடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் கணவர் நித்திரை கொள்ளாமல் அந்தக் கிடங்கு முழுவதையும் கிண்டி அள்ளினார். புது மண் போட்டுப் புல் விதைத்தார். கத்தரிக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. காளானும் பெரும்பாலும் நின்றுபோனது. அள்ளத் தவறிய ஏதோ கொப்புத்துண்டு கிடந்திருக்கவேண்டும், மழைக்கு ஒன்றிரண்டு வந்தன. எல்லாவற்றையும் பிடுங்கினேன், ஆஸ்பத்திரியில் கேட்டால் காட்ட ஒன்றைத் தவிர. அதன்மேல் வெறும் ஐஸ்கிறீம் டப்பாவைக் கவிழ்த்துக் கல் வைத்தேன்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடத்திலும் அப்படித்தான் செய்தேன். அவள் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஜஸ்ட் எ மஷ்ரூம், அம்மா. ஏன் அதை வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"கிடக்கட்டும்" என்றேன். வளர்ந்துவிட்ட அவள் கைக்கு அந்தக் கல் சின்னதாகத் தெரிந்தது. போய்ப் பெரிய கல்லாக ஒன்று எடுத்து வந்து வைத்தேன்.