போர்டில் போடாத கணக்கு

தொண்டை கட்டி எனக்குப் பேச்சு வராமல் போனதில் வீட்டாருக்கு ஏக சந்தோஷம். இருந்தாலும் பெங்களூர் ஆடுகோடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே அரசு உத்தரவுப்படி மாட்டியிருந்த கட்டணப் பலகையை, நிறைமாதக் கர்ப்பிணியான மகளோடு வந்த ஓர் ஒல்லியான அம்மா வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். வரிக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போனார்.

"நார்மலுக்குக் கம்மி, சிசேரியனுக்கு ஜாஸ்தின்னு போட்டிருக்கீங்க. சரிம்மா, போன மாசம் எத்தன பேருக்கு நார்மல் ஆச்சு?"

"அதெல்லாம் போர்டுல போடச் சொல்லல ஆன்ட்டி."

"அதான் வாயால கேக்கறேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அம்மா மகளைக் கைகொடுத்து எழுப்பினார். "வா கண்ணு, சொல்ற எடமா பாப்போம்."

இது நடந்து இரண்டு வருஷமாகிறது; அந்த மகளுக்குப் பிறந்த குழந்தை இப்போது பேசத் தொடங்கியிருக்கும். பாட்டி மாதிரியே கேள்வி கேட்டால் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும் என்பதுதான் என் கவலை.