கோரைக்கும் நாரைக்கும் ஒரே ஏரி

நெமிலிச்சேரியை ஒட்டிய ஏரியில் கோரை அறுத்துப் பாய் முடைபவர்களுக்குக் கொடுப்பதுதான் வேம்புலியம்மாளின் பிழைப்பு. ஏரியின் வடகோடியில், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஐப்பசி பிறந்ததும் நாரைகள் வந்து கூடு கட்டும். விறகுக்குக் கிளை வெட்டியவர்களும், முட்டை எடுத்தவர்களும், பட்டணத்திலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்களும் அவற்றை நிம்மதியாக விடவில்லை. 1936இல் அரசாங்கம் ஏரியைச் சுற்றி முள்வேலி போட்டது. இனி யாருமே உள்ளே போகக் கூடாது.

துப்பாக்கிக்காரர்கள் தொலைந்ததில் வேம்புலியம்மாளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சித்திரையில் கோரை முற்றிச் சாய்ந்தபோது அவளும் வேலிக்கு வெளியேதான் நின்றாள்.

வனத்துறை ரேஞ்சர் முகாம் வந்த அன்று, கூடி நின்ற ஊர் ஆண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"உங்க ஊர் ஆளுங்கதானே முட்டையை எடுத்தாங்க?" என்றார் அவர்.

"ஆமா சாமி, எடுத்தாங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப வந்து பாருங்க. குஞ்சுங்கோ அல்லாம் பறந்து பூட்ச்சு. காலிக் கூட்டுக்கு இன்னாத்துக்குக் காவலு?"

ரேஞ்சர் போய்ப் பார்த்தார். ஒரு குஞ்சுகூட இல்லை.

"வருஷா வருஷம் ஐப்பசிலேர்ந்து பங்குனி முடியுற வரிக்கும் நாங்க கால் வெக்க மாட்டோம். அப்பால தெக்குப் பக்கம் மட்டும் தொறந்து உடுங்க. மரத்தாண்ட யார்னா போனா நானே தடுக்கறேன்."

"ஒரு வருஷம் பார்ப்போம். ஐப்பசியில பறவை திரும்பி வரலைன்னா அடுத்த வருஷம் கதவு திறக்காது" என்றார் ரேஞ்சர்.

வேலியில் தென்பக்கம் ஒரு கதவு வைத்துத் திறந்துவிட்டார்கள்; ஆனி வரை கோரை அறுத்தார்கள். கோடரியோடு வந்த சொந்தக் கொழுந்தனையே வேம்புலியம்மாள் திருப்பி அனுப்பினாள். அவன் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.

ஐப்பசி வந்தது. மரங்கள் வெறுமையாக நின்றன. மழையும் இல்லை. ஐப்பசி முடிந்தும் ஒரு நாரை வரவில்லை. நாம் நடமாடியதுதான் விரட்டிவிட்டதோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில், ஏரிக் காவலர் செபாஸ்டியன் வாசலில் வந்து நின்றார்.

"யக்கா! வந்துட்ச்சுங்கோ!"

மாவுக் கையோடு ஓடினாள். கருவேலங்கிளைகள் வெள்ளையாக இருந்தன. நாரைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளார வந்து பாக்கறியாக்கா?"

"வாணாம்பா. இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது."

அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். மழை பிந்தியதால்தான் பறவைகளும் பிந்தின என்று ரேஞ்சர் சொல்லி அனுப்பினார். சித்திரையில் தென்பக்கக் கதவு திறந்தது.